எச்சில் குப்பியும் இஞ்ச் டேப்பும்

பெங்களூரு ஐ.டி. நிறுவனங்களின் மருத்துவ முகாம்களில் ரத்தம் எடுப்பதோடு விடுவதில்லை. மரபணுப் பரிசோதனைக்கென்று ஒரு குப்பியில் எச்சிலும் துப்பச் சொல்லும் வழக்கம் புகுந்திருக்கிறது. பிறகு வழவழப்பான அறிக்கை ஒன்று வரும். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய்க்கு உங்கள் மரபு வாய்ப்பு 'சராசரியைவிட அதிகம்' என்று சிவப்பில் போட்டிருக்கும். வரப்போவதை முன்பே தெரிந்துகொள்வது நல்லதுதானே என்கிறார்கள். தெரியவருவது என்ன என்று யாரும் கேட்பதில்லை.

நோய் குடும்பத்தில் தொடர்வது உண்மை. ஒற்றை மரபணுவின் பிழையால் இளவயதில் வரும் 'மோடி' வகையில் பரிசோதனை சிகிச்சையையே மாற்றும். ஊசியோடு இருந்த சிலர் மாத்திரைக்கு மாறியிருக்கிறார்கள். அந்த ஆராய்ச்சியில் சென்னையில் மருத்துவர் மோகனின் நீரிழிவு மையமும் பெங்களூரு மெட்ஜீனோமும் செய்த வேலை மெச்சத்தக்கது. ஆனால் அந்த வகையினர் மிகச் சிலர்.

மற்றவர்களுக்கு நூற்றுக்கணக்கான மரபணுக் குறிகள் சேர்ந்து, ஒவ்வொன்றும் துளித்துளியாக வாய்ப்பைக் கூட்டுகின்றன. பரவலாகக் காணப்படும் குறிகளில் வலுவானது, 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் அறிவித்த டிசிஎஃப்7எல்2. அதன் ஒரு பிரதி இருந்தால் வாய்ப்பு ஏறக்குறைய 1.4 மடங்கு. வலுவானதே இவ்வளவுதான்! இந்தக் குறிகளைக் கூட்டித் தரும் மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பியரை வைத்துப் போட்ட கணக்கு என்று சொன்னால், ஜீனோம் இந்தியாவைக் காட்டுகிறார்கள். ஐ.ஐ.எஸ்சி. வளாகத்து மூளை ஆராய்ச்சி மையம் ஒருங்கிணைத்த அந்தத் திட்டம் சுமார் 10,000 இந்தியர்களின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. நல்ல காரியம். நாளை நம் ஊருக்கே துல்லியமான மதிப்பெண் வரட்டும். அப்போதும் அறிக்கையின் கடைசிப் பக்கம் நடக்கத்தான் சொல்லும்.

என் ஆட்சேபம் இதுதான். அமெரிக்காவின் பெரிய சர்க்கரை நோய்த் தடுப்பு ஆய்வில் கலந்துகொண்டவர்களின் டிசிஎஃப்7எல்2 குறியை 2006இல் பார்த்தார்கள். குறியின் இரண்டு பிரதியும் உள்ளவர்களுக்கு நோய் கூடுதலாக வந்தது. ஆனால் எடையைக் குறைத்து உடற்பயிற்சி செய்த குழுவில் அவர்களும் மற்றவர்களைப் போலவே பலன் பெற்றார்கள். அதே ஆண்டு வெளியான சென்னை மருத்துவர் ராமச்சந்திரன் குழுவின் ஆய்வில், உணவையும் நடையையும் திருத்தியதாலேயே நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அங்கே யாருடைய மரபணுவையும் பார்த்து ஆலோசனை சொல்லவில்லை.

இன்னும் மலிவான கருவி 2005 முதல் நம்மிடம் இருக்கிறது. மோகன் குழுவின் இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணுக்கு வேண்டியது நான்கே விவரம்: வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா என்பது. மொத்தம் 100, 60 வந்தால் அபாயம் அதிகம். அம்மா, அப்பா இருவருக்கும் இருந்தால் 20. உடலுழைப்பே இல்லாதவருக்கு 30. ஆணின் இடுப்பு 100 செ.மீ. தொட்டால் 20. அதாவது குடும்பத்துக்கு 20, நாற்காலிக்கும் தொப்பைக்கும் 50! அந்த 20-ஐத் தெரிந்துகொள்ள எச்சில் வேண்டாம், அம்மாவுக்கு ஒரு போன் போதும்.

அவுட்டர் ரிங் ரோட்டில் ஒன்றரை மணி நேரம் காரில், பத்து மணி நேரம் நாற்காலியில், இரவு ஒன்பதுக்கு மேல் வெளிநாட்டு அழைப்பு, பதினொன்றுக்குச் சாப்பாடு. இப்படி ஒரு நாளை அமைத்துக் கொடுத்த நிர்வாகமே எச்சில் குப்பியையும் நீட்டுகிறது. சிவப்பு வட்டம் வந்தால் குற்றம் தாத்தா பாட்டி மேல். அழைப்பு நேரம் அப்படியே இருக்கும். இந்தப் பரிசோதனையின் உண்மையான பயன் நிர்வாகத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கடுமையாகப் படலாம், படட்டும்.

2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு நாட்டில் சர்க்கரை உள்ளவர்கள் 10.1 கோடி, அதன் விளிம்பில் நிற்பவர்கள் 13.6 கோடி என்றது. அடுத்த முகாமில் குப்பியை நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பை அளக்கச் சொல்லுங்கள், இரவு அழைப்பை எப்போது நிறுத்துவார்கள் என்றும் கேளுங்கள்.