மெலட்டூர் பாகவத மேளா: விடியும்வரை ஒரு கோடைக் கச்சேரி

தஞ்சாவூரை அடுத்த மெலட்டூரில் ஆண்டுதோறும் நரசிம்ம ஜயந்தியை ஒட்டி நடைபெறும் பாகவத மேளா, தமிழகத்தின் தொன்மையான கோடைக்கால இசை விழாக்களுள் ஒன்று. அறுவடை முடிந்து வயல்கள் ஓய்ந்திருக்கும் சித்திரை, வைகாசியில் வரும் வளர்பிறைச் சதுர்த்தசியன்று, வரதராஜப் பெருமாள் கோயிலுக்கு எதிரே தெருவில் மேடை அமையும். பெருமாள் மேடையைப் பார்த்தபடி எழுந்தருள, இரவு தொடங்கும் ‘பிரகலாத சரித்திரம்’ விடியும்வரை நீளும். கர்நாடக இசையும் நாட்டியமும் தெலுங்கு வசனமும் கலந்த இந்த நாடகத்தில் பெண் வேடங்களையும் ஆண்களே ஏற்கிறார்கள்.

இதன் வேர் நாயக்கர் காலத்தில் உள்ளது. தஞ்சையை ஆண்ட அச்சுதப்ப நாயக்கர் 510 அந்தணர் குடும்பங்களுக்கு நிலமும் வீடும் வழங்கிக் குடியமர்த்தியதாகவும், அந்த ஊரே அச்சுதபுரம் என வழங்கிப் பின்னர் மெலட்டூர் ஆனதாகவும் மரபு கூறும். 18ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த வீரபத்ரய்யா, முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதருக்கு இசை கற்பித்தவர். தியாகராஜரின் (1767–1847) காலத்தவரான மெலட்டூர் வெங்கடராம சாஸ்திரி ‘பிரகலாத சரித்திரம்’, ‘ஹரிச்சந்திரா’, ‘உஷா பரிணயம்’, ‘மார்க்கண்டேயா’ முதலிய நாடகங்களை இயற்றினார். இன்றும் மேடையேறுபவை பெரும்பாலும் அவருடையவையே.

ஆட்டத்துக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் கோணங்கி என்னும் கோமாளி குதித்தாடி வந்து கூட்டத்தை அமைதிப்படுத்துவான். பிறகு பிள்ளையார் முகமூடி அணிந்த சிறுவன் வந்து ஆடுவான். அதன்பின் ஒவ்வொரு பாத்திரமும் தனக்கென அமைந்த பிரவேச தருவுடன், அதாவது நுழைவுப் பாடலுடன், வரும். திரைக்குப் பின்னே பாத்திரம் காத்திருக்க, பாகவதர்கள் தருவைப் பாட, நட்டுவாங்கமும் மிருதங்கமும் நடையைப் பிடிக்கும். திரை விலகும்போது வருபவர் அரசரா, அரசியா, சினத்தில் வருகிறாரா, துயரத்தில் வருகிறாரா என்பது ராகத்திலேயே தெரிந்துவிடும். தெலுங்கு அறியாத ஊராரும் இரவு முழுதும் கதையைத் தொடர முடிவது இதனால்தான். கச்சேரியில் வித்வான் ராகத்தை விரித்துக்கொண்டே போகலாம். இங்கே நடிகர் அடுத்த அடி வைக்கும்வரைதான் சங்கதிக்கு இடம். அந்தக் கட்டுப்பாட்டிலேயே ஆகிரி போன்ற பழைய ராகங்களின் சாயல் அழுத்தமாகப் பதிகிறது.

இரவின் உச்சம் தூண் பிளக்கும் காட்சி. நரசிம்ம முகமூடி கோயிலில் பூஜையில் வைத்திருப்பது. அதை அணிபவர் விரதமிருந்து வருவார். இரணியனுடன் வாதம் முற்ற முற்ற அவருக்கு ஆவேசம் வந்துவிடும் என்பதால், இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொண்டிருப்பார்கள். இரணிய வதத்தை மட்டும் நடித்துக் காட்டுவதில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இக்கலையைத் தாங்கி நின்றவர் பாரதம் நடேச ஐயர். அவர் மறைந்த பின் தடைப்பட்ட விழா, 1930களின் இறுதியில் ஊராரின் முயற்சியால் மீண்டது. பரதநாட்டிய மீட்பில் முன்னின்ற ஈ. கிருஷ்ண ஐயர் (1897–1968) இதை வெளியூர் ரசிகர்களுக்கு அறிமுகப்படுத்தினார். பிற்காலத்தில் எஸ். நடராஜன், பிரகலாதனின் தாய் லீலாவதி முதலான பெண் வேடங்களில் பல்லாண்டுகள் ஆடிப் புகழ்பெற்றார். சாலியமங்கலம், தேப்பெருமாநல்லூர் ஆகிய ஊர்களிலும் இம்மரபு உள்ளது.

வடக்கே ஜவ்வாது மலையைச் சூழ்ந்த திருவண்ணாமலை, வேலூர் வட்டாரங்களிலும் விடிய விடியக் கலை நடப்பது கோடையில்தான். திரௌபதி அம்மன் கோயில்களில் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடக்கும். இரணியன் கதை கூத்திலும் உண்டு. அங்கே முகவீணையும் ஆர்மோனியமும் முழங்க, மொழி தமிழாக, குரல் திறந்த வெளிக்கேற்ப ஓங்கி ஒலிக்கும். திரைக்குப் பின்னிருந்து பாட்டோடு வேடம் புறப்படும் முறை மட்டும் இரண்டு மரபுக்கும் பொது.