கியூஆர் கட்டத்துக்குள் ஆதார்

சித்தூரிலிருந்து வேலூர் போகும் சாலையில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய மண்டலம் குடிபாலா. வேலூர் சிஎம்சியின் சித்தூர் வளாகமும் இங்கேதான். தமிழ் பேசும் குடும்பங்கள் நிறைய உண்டு. அவர்களின் ஆதார் அட்டையில் பெயர் வழக்கமாகத் தெலுங்கிலும் ஆங்கிலத்திலும் அச்சாகிறது. அட்டையிலுள்ள கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்தாலோ ஆங்கிலப் பெயர் மட்டுமே வருகிறது. இடம் போதாமல் நேர்ந்ததா இது, அல்லது தகவலை அடுக்கிய முறையால் நேர்ந்ததா?

தொடக்க கால ஆதார் கட்டத்தில் இருந்தது எக்ஸ்எம்எல். ஒவ்வொரு தகவலுக்கும் முன்னால் அது என்னவென்று சொல்லும் பெயர் இருக்கும், படிப்பது சுலபம். ஆனால் ஆதார் எண் முழுவதும் அதில் திறந்து கிடந்தது. கையொப்பமும் இல்லாததால், யார் வேண்டுமானாலும் போலிக் கட்டம் ஒன்றை அச்சடித்துவிடலாம்.

2018-இல் வந்த 'பாதுகாப்பான கியூஆர்' இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைத்தது. எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்தான் இப்போது உள்ளே இருக்கின்றன. தகவல்களுக்குப் பெயர் கிடையாது, வரிசை மட்டுமே. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே 255 என்ற பைட் வேலி. பின்னால் முகப்படம், இறுதி 256 பைட்டுகளில் டிஜிட்டல் கையொப்பம். இவை அனைத்தையும் ஜிஜிப்பில் சுருக்கி, ஒரே பெரிய பதின்ம எண்ணாக மாற்றிவிடுகிறார்கள்.

பைட்டுகளை எண்ணாக்குவது வீண்வேலைபோலத் தோன்றும். உண்மையில் அது கெட்டிக்காரத்தனமான முடிவு. பைட்டுகளை நேரடியாக வைத்தால், பல ஸ்கேனர்கள் அவற்றை ஏதோ ஒரு மொழியின் எழுத்தென்று ஊகித்துக் குழப்பிவிடும். இலக்கங்களுக்கு அந்த ஆபத்து இல்லை. இட இழப்பும் அற்பம். மிகப் பெரிய கியூஆர் கட்டம் 2,953 பைட் கொள்ளும், இலக்கங்களாக என்றால் 7,089. அந்த இலக்கங்களைப் பைட்டாக்கினால் ஏறக்குறைய 2,943 வருகிறது. பத்துப் பைட் விலையில் இவ்வளவு நம்பகம் கிடைப்பது பெரிய லாபம்.

ஆனால் பிரித்துப் படிக்கும் புரோகிராமர் கவனமாக இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்வகை 9,007,199,254,740,991 வரைதான் ஒவ்வொரு முழு எண்ணையும் பிசகாமல் காக்கும். ஆதார் எண்வரிசையை அதில் போட்டால் இலக்கங்கள் மழுங்கி, ஜிஜிப் விரியாது.

வரிசையை மட்டும் நம்புவது இதைவிடப் பெரிய பலவீனம். முதல் அமைப்பில் மூன்றாவது இடம் பெயருக்கு. பின்னர் தொடக்கத்தில் 'வி2' என்ற பதிப்புக் குறி சேர்ந்ததும் எல்லாமே ஓரிடம் தள்ளிப்போயின. மூன்றாவதைப் பெயரென்று எடுத்துக்கொண்ட பழைய புரோகிராமுக்கு அங்கே, பெயருக்கு முன்னிடத்தில் இருந்த குறிப்பு எண் கிடைக்கும். பதிப்புக் குறி முதல் நாளே இருந்திருக்க வேண்டியது.

மொழி விடுபட்டதற்குக் காரணம், எழுத்துகளுக்கு ஐஎஸ்ஓ 8859-1 முறையைத் தேர்ந்ததுதான். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான அந்தப் பட்டியலில் தமிழுக்கும் இடமில்லை, தெலுங்குக்கும் இல்லை. 255 என்ற வேலிக்காக அதைத் தேர்ந்ததாகவும் சமாதானம் சொல்ல முடியாது. யூடிஎஃப்-8 முறையில் 255 என்ற பைட் எந்த எழுத்திலும் வருவதில்லை. அதே வேலியை அப்படியே வைத்துக்கொண்டு இந்திய மொழிகள் அனைத்தையும் எழுதியிருக்கலாம்.

செலவு கூடும் என்பது மெய். ஆங்கிலத்தில் எட்டு பைட்டில் முடியும் குடிபாலா, தமிழில் 24 பைட் கேட்கும். முழு முகவரிக்கும் இப்படிச் செய்தால் கட்டம் அடர்ந்து, மலிவான கேமராக்கள் திணறக்கூடும். பெயருக்கு மட்டும் என்றால் கதை வேறு: 'எழிலரசி' 21 பைட்தான். கையொப்பத்துக்கே 256 பைட் ஒதுக்கும் அமைப்புக்கு இது பாரமில்லை.

இழப்பு எல்லையோர மக்களைத்தான் அதிகம் தொடுகிறது. கட்டத்தில் கையொப்பம் உறுதி செய்வது ஆங்கில எழுத்துக்கூட்டலை மட்டும். அதிலிருந்து பெயரைத் தமிழிலோ தெலுங்கிலோ திருப்பி எழுதுபவர் ஊகித்தே எழுதுகிறார். ஆவணத்துக்கு ஆவணம் பெயர் மாறுகிறது. பதிப்புக் குறி இப்போது இருப்பதால், அடுத்த பதிப்பில் தாய்மொழிப் பெயருக்கு ஓர் இடம் சேர்க்கத் தொழில்நுட்பத் தடை எதுவும் இல்லை. முகவரியை அதன்பின் யோசிக்கலாம்.