இரண்டு பேர் பார்த்தால் ஒரே முடிவா?

இங்கிலாந்தில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்க்கும் பெண் ஒருவர், வேலையில் இருந்தபடியே பராமரிப்புத் துறையில் தொழிற்சான்று பெற முயல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்குத் தேர்வு மண்டபம் கிடையாது. மதிப்பீட்டாளர் இல்லத்துக்கே வருகிறார். படுக்கையில் இருக்கும் முதியவரை நாற்காலிக்கு மாற்றுமுன் அவரிடம் சம்மதம் கேட்டாரா, தூக்கும் கருவியின் பட்டையைச் சரிபார்த்தாரா, அவசரப்படாமல் செய்தாரா என்று பக்கத்தில் நின்று கவனித்து எழுதுகிறார். அந்தக் குறிப்பும், கேள்விகளுக்கு அந்தப் பெண் சொன்ன பதில்களும், மேலாளரின் சாட்சியமும் ஒரு சான்றுக் கோப்பில் சேர்கின்றன. அவற்றை வைத்து மதிப்பீட்டாளர் ‘தேறினார்’ என்று எழுதுகிறார். அவர் எழுதிய முடிவுகளில் சிலவற்றை அதே பயிற்சி நிலையத்தின் உள் சரிபார்ப்பாளர் எடுத்துப் பார்க்கிறார். பிறகு, சான்றிதழில் தன் பெயரைப் பொறிக்கும் அமைப்பிலிருந்து வெளிச் சரிபார்ப்பாளர் ஒருவர் வந்து, இந்த இருவர் செய்ததையும் சோதிக்கிறார்.

சான்றிதழை நம்பித்தான் வேறொருவர் தம் தாயை அந்த இல்லத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார். அவர் மதிப்பீட்டாளரைப் பார்த்ததில்லை. பார்க்கப் போவதும் இல்லை. அவர் சார்பில் பயிற்சி நிலையத்துக்குள் வரும் வெளியாள் இந்தச் சரிபார்ப்பாளர்தான். இப்படிப்பட்ட சரிபார்ப்பாளர்கள் பலரை ஒரு குழுவாக வைத்து வேலையைப் பிரித்துக் கொடுப்பதும், அது ஒழுங்காக நடக்கிறதா என்று கண்காணிப்பதும் தலைமைச் சரிபார்ப்பாளரின் பொறுப்பு. இந்தத் திட்டமிடல் பல விதங்களில் மெச்சத்தக்கது. ஆனால் கண்காணிப்பு மிக முக்கியமான ஒரு கேள்வியைக் கேட்பதே இல்லை என்பது என் கணிப்பு.

1986-இல் பிரிட்டனில் தேசியத் தொழில் தகுதிகளுக்கான (என்.வி.கியூ.) மன்றம் அமைக்கப்பட்டபோது வந்த மாற்றத்தின் விளைவு இந்த ஏற்பாடு. எங்கே படித்தார், எத்தனை மாதம் படித்தார் என்பதை விட்டுவிட்டு, வேலையை வேண்டிய தரத்தில் செய்ய முடிகிறதா என்பதை மட்டும் பார்ப்போம் என்றார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காத, ஆனால் இருபது ஆண்டு அனுபவமுள்ள தொழிலாளிக்கு அது வாசலைத் திறந்துவிட்டது. அதே சமயம் தீர்ப்பு சொல்லும் பொறுப்பு பொதுத்தேர்விலிருந்து ஆயிரக்கணக்கான தனி மனிதர்களின் கைக்குப் போனது. இத்தனை பேரையும் ஒரே அளவுகோலில் நிறுத்த உள் சரிபார்ப்பு, வெளிச் சரிபார்ப்பு என்று இரண்டு அடுக்குகள் தேவைப்பட்டன. வெளிச் சரிபார்ப்பாளருக்கே தனித் தகுதிச் சான்று வந்தது. அந்தக் குழுவை நடத்துபவருக்கும் நான்காம் நிலையில் ஒரு சான்று உண்டு. தம் பொறுப்பிலுள்ள வேலையைத் திட்டமிடுவது, பகிர்வது, கண்காணிப்பது என்று அதில் ஒரு பகுதியே இருக்கிறது. இவ்வளவு தூரம் யோசித்துக் கட்டிய ஏற்பாடுகள் கல்வித் துறையில் அதிகம் இல்லை.

இதில் மெச்சத்தக்கவற்றில் முதலாவது ஆள் பொருத்தம். குழாய் வேலையில் கைப்பழக்கம் இல்லாதவரைக் குழாய் வேலை மதிப்பீட்டைச் சரிபார்க்க அனுப்பக் கூடாது என்பது விதி. துறை அறிவு இருந்தால் மட்டும் போதாது. அது பழசாகிவிடாமல் ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொண்டதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரு நிலையத்தில் முன்பு சம்பளம் வாங்கியவர், அங்கே உறவினர் இருப்பவர், அதற்கு ஆலோசகராக இருந்தவர் ஆகியோரை அந்த நிலையத்துக்கு ஒதுக்குவதில்லை. ஒரே ஆள் ஒரே நிலையத்துக்கு ஆண்டுக்கணக்கில் போய்வந்தால் நட்பு உண்டாகும், கண் மங்கும் என்பதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆளை மாற்றுவதும் நல்ல அமைப்புகளில் வழக்கம்.

அடுத்தது மாதிரி எடுக்கும் முறை. நூற்றுக்குப் பத்துக் கோப்பு என்று கண்ணை மூடிக்கொண்டு உருவுவது கைவிடப்பட்டுப் பல காலம் ஆகிறது. புதிதாகச் சேர்ந்த மதிப்பீட்டாளரின் முடிவுகள் கட்டாயம் வர வேண்டும். எல்லாக் கிளைகளும் வர வேண்டும். நேரில் கவனித்தது, வாய்மொழிக் கேள்வி, சாட்சியம் என ஒவ்வொரு மதிப்பீட்டு முறையும் வர வேண்டும். பாதியில் நிற்பவர், முடித்தவர் இருவரும் வர வேண்டும். திட்டத்தை ஒழுங்காகப் போட்டால், இருபது கோப்புகளிலேயே ஒரு நிலையத்தின் குணம் தெரிந்துவிடும். எந்தக் கோப்புகள் வேண்டும் என்று சரிபார்ப்பாளரே தேர்ந்தெடுப்பது இதில் உயிர்நாடி. நிலையம் தானாகவே எடுத்துவைக்கும் கோப்புகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் அந்தப் பயணமே வீண்.

ஆபத்துக்கு ஏற்ப வருகைகளைப் பகிர்வதும் சரியான யோசனைதான். பல ஆண்டுகளாகக் குறை இல்லாத நிலையத்துக்கு நேரடிக் கோரிக்கை உரிமை கிடைக்கிறது. அதாவது, ஒவ்வொரு முறையும் வெளிச் சரிபார்ப்பாளரின் ஒப்புதலுக்குக் காத்திராமலேயே அது சான்றிதழ் கேட்கலாம். குறை கண்டால் அந்த உரிமை பறிபோகும். குறை முற்றினால் புதிய மாணவரைப் பதிவுசெய்யவே தடை வரும். தலைமைச் சரிபார்ப்பாளர் தம்மிடமுள்ள சொற்ப ஆட்களைப் பலவீனமான இடங்களில் குவிக்க இது வழிசெய்கிறது. ஆனால் ஒரு நிலையம் பலவீனமானது என்ற கணிப்பு எங்கிருந்து வருகிறது? முந்தைய வருகையின் அறிக்கையிலிருந்து. அந்த அறிக்கையை எழுதியவரின் கண் கூர்மையானதா? இங்கேதான் கோளாறு தொடங்குகிறது.

குழுவைக் கண்காணிப்பது என்று வழக்கத்தில் எதைச் சொல்கிறார்கள்? வருகை திட்டமிட்ட மாதத்தில் நடந்ததா, அறிக்கை குறித்த நாளுக்குள் வந்ததா, எல்லாக் கட்டங்களும் நிரப்பப்பட்டிருக்கின்றனவா, பரிந்துரைத்த திருத்தங்களுக்குக் கெடு வைத்திருக்கிறதா, நிலையம் புகார் ஏதும் அனுப்பியதா. இவை எல்லாம் வேண்டியவைதான். ஆனால் தலைமைச் சரிபார்ப்பாளர் படிப்பது அறிக்கையை. அறிக்கைக்குப் பின்னால் இருந்த கோப்பை அல்ல. ‘பத்துக் கோப்பு பார்த்தேன், பத்திலும் மதிப்பீடு சரி’ என்று எழுதியிருந்தால், அந்தப் பத்தையும் வேறொரு சரிபார்ப்பாளர் பார்த்திருந்தால் இதே முடிவுக்கு வந்திருப்பாரா என்பது தெரிய வழியில்லை. தெளிவாகவும் நேரத்துக்கும் எழுதும் திறமை ஒன்று. கோப்புக்குள் இருக்கும் பொய்யை, போதாமையைக் கண்டுபிடிக்கும் திறமை முற்றிலும் வேறு. கண்காணிப்பு முதலாவதை அளந்துவிட்டு இரண்டாவதையும் அளந்துவிட்டதாகக் கருதிக்கொள்கிறது.

திறமையும் நேர்மையும் உள்ளவர்களே ஒரே பொருளைப் பார்த்து வேறுவேறு தீர்ப்பு சொல்வார்கள் என்பது நூறாண்டுக்கு முன்பே நிறுவப்பட்ட உண்மை. அமெரிக்காவில் ஸ்டார்ச், எலியட் என்ற இருவர் 1912-13-இல் ஒரே விடைத்தாளின் படிகளைப் பல பள்ளி ஆசிரியர்களுக்கு அனுப்பித் திருத்தச் சொன்னார்கள். ஆங்கிலத் தாளில் மதிப்பெண்கள் சிதறின. ஆங்கிலம் என்பதால்தான் அப்படி என்றார்கள் சிலர். வடிவியல் தாளை அனுப்பினார்கள்; குறைந்த மதிப்பெண் 28, கூடியது 90-க்கும் மேல். கணிதத்திலேயே இந்த நிலை என்றால், ‘அன்போடும் மதிப்போடும் நடந்துகொண்டார்’ என்ற அளவுகோலை ஆளுக்கு ஆள் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

அளவுகோலை இன்னும் நுணுக்கமாக எழுதிவிட்டால் சரியாகிவிடும் என்று தொழில் தகுதிகளின் உலகம் நெடுநாள் நம்பியது. அதனால் ஒவ்வொரு வேலையும் கூறுகளாகவும், கூறுகள் துணைக்கூறுகளாகவும் உடைந்தன, கோப்புகள் பருத்தன. அந்த மொழி தொழிலாளிக்குப் புரியவில்லை என்ற குறை இந்தத் தகுதிகளை ஆராய்ந்து 1996-இல் வந்த பியூமான்ட் அறிக்கையில் வெளிப்படையாகவே பதிவானது. கல்வி ஆய்வாளர் அலிசன் உல்ஃப் 1995-இல் வெளியிட்ட நூலில், வரையறையை எவ்வளவு நீட்டினாலும் தீர்ப்பின் ஒற்றுமை வராது, ஒரே வேலைகளைச் சேர்ந்து பார்த்து விவாதிக்கும் மனிதர்களிடம்தான் அது உருவாகும் என்று வாதிட்டார். எனக்கு அதில் முழு உடன்பாடு.

அந்தச் சேர்ந்து பார்த்தல் இப்போது நடக்காமல் இல்லை. வெளிச் சரிபார்ப்பாளர்கள் கூடி, ஒரே கோப்பைப் புரட்டி, கருத்துப் பரிமாறி, ஒரு முடிவுக்கு வரும் தரப்படுத்தல் கூட்டங்கள் உண்டு. தலைவர் ஒரு சரிபார்ப்பாளருடன் நிலையத்துக்குக் கூடவே போய்ப் பார்ப்பதும் உண்டு. இரண்டும் பயனுள்ளவை, போதாதவை. கூட்டத்தில் மூத்தவர் வாயைத் திறந்ததும் மற்றவர்களின் கருத்து அந்தப் பக்கம் சாய்கிறது. பேசுமுன் ஒவ்வொருவரும் தனியாக என்ன நினைத்தார்கள் என்பது எங்கும் பதிவாவதில்லை. கூட்டத்துக்கென்று எடுக்கும் கோப்பும் பாடத்துக்கு உகந்த, தெளிவான கோப்பாக இருக்கிறது. தலைவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நாளில் யாரும் வழக்கத்தைவிட நிதானமாகத்தான் வேலை செய்வார்கள். மாதக் கடைசியில், மூன்றாவது நிலையத்தில், மாலை நாலரை மணிக்கு எடுக்கப்படும் முடிவுதான் நமக்குத் தெரிய வேண்டியது.

பொதுத்தேர்வு நடத்தும் பிரிட்டிஷ் வாரியங்கள் இதற்கு ஒரு வழி கண்டன. விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்தும் முறை வந்த பிறகு, மூத்த தேர்வாளர்கள் முன்பே மதிப்பெண் முடிவுசெய்த சில விடைகளைத் திருத்துபவரின் வேலைக்கு நடுவே கலந்துவிடுகிறார்கள். எது அப்படிக் கலந்தது என்று அவருக்குத் தெரியாது. முடிவு செய்த மதிப்பெண்ணிலிருந்து அவர் ஓர் அளவுக்கு மேல் விலகினால் வேலை நிறுத்தப்படும். பேசித் திருத்திய பிறகே தொடரலாம். இதில் கிடைத்த தரவுகளை வைத்துத்தான் இங்கிலாந்தின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்குவல் 2018-இல் ஒரு கணக்கை வெளியிட முடிந்தது: ஒரு மாணவருக்கு மூத்த தேர்வாளர் தரக்கூடிய அதே கிரேடு கிடைக்கும் வாய்ப்பு கணிதத்தில் 0.96, ஆங்கில மொழியும் இலக்கியமும் சேர்ந்த பாடத்தில் 0.52. அந்த இரண்டாவது எண் கலவரப்படுத்தக்கூடியது. ஆனால் அதைத் தெரிந்துகொள்ளும் துணிவும் வழியும் அந்தத் துறைக்கு இருந்தன. பராமரிப்புத் தொழிற்சான்றுக்கோ மின்பணிச் சான்றுக்கோ அப்படி ஓர் எண்ணைத் தரக்கூடிய ஏற்பாடு, வெளிச் சரிபார்ப்புக் குழுவின் வழக்கமான ஆண்டுத் திட்டத்தில் இடம்பெறுவதில்லை.

தொழிற்சான்றில் இது நடைமுறைக்கு ஒத்துவராது என்று சொல்வார்கள். அந்த முதியவரை நாற்காலிக்கு மாற்றிய கணம் போய்விட்டது; அதை மறுபடி யார் பார்ப்பது? நியாயமான ஆட்சேபம். ஆனால் முதல் வெளிச் சரிபார்ப்பாளரும் அந்தக் கணத்தைப் பார்க்கவில்லை. அவர் பார்த்தது கோப்பைத்தான். அதே கோப்பை, முதலாமவரின் முடிவை மறைத்துவிட்டு, குழுவிலுள்ள இன்னொருவரிடம் தர எந்தத் தடையும் இல்லை. கோப்புகள் பெரும்பாலும் மின்வடிவுக்கு மாறிவிட்ட இந்நாளில் ஊர் விட்டு ஊர் போக வேண்டிய அவசியமும் இல்லை. பன்னிரண்டு பேர் கொண்ட குழு, ஆளுக்கு இருபது வருகை, வருகைக்குப் பத்துக் கோப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 2400 கோப்புகள். இருபதில் ஒன்றை மறுபார்வைக்கு அனுப்பினால் 120. ஆளுக்குப் பத்துக் கோப்பு கூடுதல். ஒரு வருகையின் வேலை. அதைத் திட்டத்தில் சேர்த்து, அதற்குரிய ஊதியத்தையும் சேர்க்க வேண்டும். வெளிச் சரிபார்ப்பாளர்களில் பலர் வருகைக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் பகுதிநேரக்காரர்கள். அவர்களிடம் இலவச உழைப்பாக இதைச் சுமத்துவது அநியாயம்.

தரப்படுத்தல் கூட்டத்தைச் சீர்செய்யச் செலவே இல்லை. கோப்பை ஒரு வாரம் முன்பே அனுப்பி, ஒவ்வொருவரின் முடிவையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, பிறகு பேச்சைத் தொடங்கினால் போதும். தெளிவான கோப்புகளை விலக்கிவிட்டு, இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய கோப்புகளை எடுக்க வேண்டும்.

அப்படியும் ஏன் நடப்பதில்லை என்று யோசித்தால் பணம் குறுக்கே நிற்கிறது. பயிற்சி நிலையம் தனக்கு வேண்டிய சான்றளிக்கும் அமைப்பைத் தானே தேர்ந்தெடுக்கிறது. மாணவர் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் செலுத்துகிறது. சோதனைக்கு உள்ளாகிறவரே சோதிப்பவருக்குப் படியளக்கும் உறவு இது. சரிபார்ப்பாளர்களிடையே தீர்ப்பு வேறுபடுகிறது என்று ஓர் அமைப்பு எண்ணோடு ஒப்புக்கொண்டால், போட்டி அமைப்பு அதைத் தன் வியாபாரத்துக்குப் பயன்படுத்தும். ஆகவே இது தனி அமைப்புகளின் நல்லெண்ணத்துக்கு விடக்கூடிய விஷயம் அல்ல. நிலையங்களின் மதிப்பீட்டுத் தரத்தை எப்படிக் கண்காணிக்கிறோம் என்று ஒவ்வொரு சான்றளிக்கும் அமைப்பும் ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்பது ஏற்கெனவே ஆஃப்குவலின் விதி. அந்தத் திட்டத்தில் மறுபார்வை முடிவுகளும் இருந்தாக வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால், எல்லோரும் ஒரே நாளில் ஒரே நிலைக்கு வருவார்கள்.

இலங்கையில் இதே என்.வி.கியூ. என்ற பெயரில், ஏழு நிலைகளில், மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் கீழ் தொழில் தகைமைகள் இயங்குகின்றன. அங்கே இந்தக் கேள்விக்கு இன்னொரு முனையும் உண்டு. யாழ்ப்பாணத்தில் தமிழில் நடந்த மதிப்பீட்டின் கோப்பை, தமிழ் வாசிக்கத் தெரியாத காலி நகரச் சரிபார்ப்பாளரிடம் மறுபார்வைக்குத் தர முடியாது. சிங்களத்தில் உள்ள காலி நகரக் கோப்பை யாழ்ப்பாணத்துக்கு அனுப்பவும் முடியாது. இரு மொழிக் குழுக்களும் தனித்தனியாக ஒற்றுமையோடு இருந்துகொண்டே ஒன்றுக்கொன்று விலகிப்போகலாம், யாருக்கும் தெரியாது. ஆகவே அங்கே மறுபார்வையை வாசிப்புத் தேவைப்படாத சான்றுகளில் தொடங்க வேண்டும்: பற்றவைத்த இரும்புத் துண்டு, தைத்த சட்டை, வயரிங் செய்த பலகையின் காணொளி. இரண்டு ஊர்ச் சரிபார்ப்பாளர்களும் அதே துண்டைக் கையில் எடுத்து, ஒருவர் எழுதியதை மற்றவர் பாராமல் முடிவெழுதி அனுப்பட்டும். வேறுபாடு வந்த இடங்களை மட்டும் மொழிபெயர்ப்பாளரோடு உட்கார்ந்து பேசினால் போதும்; முழுக் கோப்பையும் மொழிபெயர்க்கும் செலவு மிச்சம்.