“மாணவர் அறிந்துகொள்வர்”: பாடக்குறிப்பின் ஒரு சொற்றொடர் பற்றிய திறனாய்வு

தமிழில் ஆண்டுதோறும் மிகுதியாக எழுதப்பட்டு மிகக் குறைவாக வாசிக்கப்படும் உரைநடை யாது என்று எவரேனும் வினவினால், பள்ளி ஆசிரியரின் பாடக்குறிப்பேடே என்று நாம் விடை கூறுவோம். ஆசிரியர் அதை எழுதுகிறார். தலைமையாசிரியர் பச்சை மையில் ஒப்பமிடுகிறார். ஆண்டிறுதியில் அது பரணுக்குப் போய்ச் சேர்கிறது. அக்குறிப்பேட்டில் பாடத்தலைப்புக்கு அடுத்தபடியாக நிற்பது ‘கற்றல் நோக்கம்’ என்னும் பகுதி. இவ்விதழின் வாசகருள் பலர் திருப்பணியோடு பள்ளித் தாளாளர் பொறுப்பையும் சுமப்பவர்கள். இன்று மாணவராயிருப்போர் நாளை அதைச் சுமக்க நேரிடும். ஆதலின் நூல்களைத் திறனாயும் இப்பக்கங்களில் ஒரு முறை இந்த எளிய உரைநடையையும் எடுத்து வைத்துத் திறனாய்வது பொருத்தமற்றதாகாது என எண்ணுகிறோம்.

எடுத்துக்காட்டாக ஒரு வாக்கியத்தைக் கொள்வோம். ஏழாம் வகுப்புத் தமிழ் இலக்கணப் பாடத்திற்கு எழுதப்பட்டது: ‘மாணவர் வேற்றுமை உருபுகளை அறிந்துகொள்வர்.’ இலக்கணப் பிழை இதில் யாதொன்றும் இல்லை. எனினும் இதன் ஒவ்வோர் உறுப்பும் எதையோ மறைத்து வைத்திருக்கிறது. எழுவாய் ‘மாணவர்’ என்னும் பலர்பால். நாற்பது பேரும் ஒரே ஆள்போல் அதற்குள் அடங்கிவிடுகின்றனர்; கடைசி வரிசையில் சுவரோரம் இருப்பவன் அதில் காணப்படுவதில்லை. பயனிலையோ எதிர்காலத்தது. ‘அறிந்துகொள்வர்’ என்பது விருப்பமா, வாக்குறுதியா, முன்னறிவிப்பா? முன்னறிவிப்பு என்றால் நிறைவேறிற்றா என்று பின்னர் எவரேனும் பார்த்தாக வேண்டும். பார்ப்பாரில்லை. எல்லாவற்றினும் மேலாக, ‘அறிதல்’ என்னும் வினை கண்ணுக்குப் புலனாகாதது. ஆறு உருபுகளை மனப்பாடமாக ஒப்புவிப்பவனும் அறிந்தவனே; ஒரு தொடரின் பொருள் உருபால் எவ்வாறு மாறுகிறதென்று உணர்ந்தவனும் அறிந்தவனே. இருவருக்கும் ஒரே சொல்லைத் தந்துவிட்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடலாம்.

இவ்வழக்கு எங்கிருந்து வந்தது? அமெரிக்கக் கல்வியாளர் பாபிட் 1918-இலேயே வளர்ந்த மனிதரின் செயல்களைப் பகுத்துப் பார்த்து அவற்றிலிருந்து கல்வியின் நோக்கங்களை வகுக்க வேண்டும் என்று எழுதினார். தொழிற்சாலையின் மேலாண்மை முறை பள்ளிக்குள் நுழைந்த காலம் அது. 1949-இல் ரால்ஃப் டைலர் அதைச் செம்மைப்படுத்தினார். ஆசிரியர் செய்யப்போவதைச் சொல்வதும், பாடத்தலைப்பைத் திருப்பிச் சொல்வதும் நோக்கமாகா. மாணவனிடம் உண்டாகும் மாற்றம், அது எப்பொருளில் வெளிப்படுகிறது என்னும் இரண்டும் சேர்ந்தே நோக்கம் என்பது அவர் கருத்து. 1956-இல் பெஞ்சமின் புளூமும் அவர்தம் குழுவினரும் அறிவுசார் நோக்கங்களை ஆறு படிகளாக வகைப்படுத்தினர். மறு ஆண்டே புளூம் இந்தியாவுக்கு வந்து தேர்வுச் சீர்திருத்தத்தைக் குறித்து நம் நாட்டு ஆசிரியர்களோடு பயிலரங்குகளில் பணியாற்றினார். அறிதல், புரிதல், பயன்படுத்தல் என்னும் சொற்கள் நம் ஆசிரியர் பயிற்சி நிறுவனங்களில் மந்திரம் போல் ஒலிக்கத் தொடங்கியது அதன் பின்னரே. தேர்வுத் தாள்களைத் திருத்துவதற்கு வந்த கருவி, பாடக்குறிப்பேட்டின் வாய்பாடாக மாறிப்போயிற்று.

வாய்பாடாக மாறியதற்கு மாற்றுக் கூறியவர் என்று ராபர்ட் மேகரைச் சொல்ல வேண்டும். கற்பித்தல் நோக்கங்களை எழுதுவது எவ்வாறு என்பது பற்றி 1962-இல் அவர் வெளியிட்ட சிறு நூல் ஓர் அமர்வில் படித்து முடிக்கத்தக்கது. அதன் தொடக்கத்தில் ஒரு கடற்குதிரையின் கதை வருகிறது. தன் பொருளைத் தேடிப் புறப்பட்ட அது, எங்கே போகிறோம் என்று அறியாமலே, விரைந்து போவதற்கான கருவிகளை வழியில் விலைகொடுத்து வாங்கிக்கொண்டே போய், இறுதியில் சுறாமீனின் வாய்க்குள் நுழைகிறது. துணைக்கருவிகளும் படக்காட்சிகளும் நிரம்பி, எதற்காக என்பது மட்டும் இல்லாத வகுப்புகளைக் கண்ட எவரும் இக்கதையை மறக்கமாட்டார். மேகர் நோக்கத்திற்கு மூன்று உறுப்புகளைக் கேட்கிறார்: மாணவன் செய்யக்கூடிய செயல், அதைச் செய்யும் சூழ்நிலை, எவ்வளவு செவ்வையாகச் செய்தால் போதும் என்னும் அளவு. அறிதல், புரிதல், சுவைத்தல் முதலிய வினைகளைத் தவிர்த்து எழுதுதல், கூறுதல், பிரித்துக்காட்டுதல் முதலியவற்றைக் கொள்ளச் சொல்கிறார்.

நம் நாட்டில் மேகரின் முதல் உறுப்பை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டுவிட்டோம் என்பது நம் முறையீடு. மேலே கண்ட வாக்கியத்தை அவ்வாறு திருத்திப் பார்ப்போம்: ‘மாணவர் வேற்றுமை உருபுகளை அடிக்கோடிடுவர்.’ செயல் புலனாகிவிட்டது; மேற்பார்வையாளர் மகிழ்வார். ஆயின் எத்தகைய தொடர்களில்? ‘கண்ணன் பாடத்தைப் படித்தான்’ என்று கொடுத்தால் மாணவன் ‘ஐ’ என்பதை உடனே பிடித்துவிடுவான். ‘விறகு வெட்டினான்’ என்று கொடுத்துப் பாருங்கள். ஈற்றில் நிற்கும் ‘கு’வைக் கண்டு நான்காம் வேற்றுமை என்று உறுதியாகக் கோடிடுவான். அங்கே மறைந்து நிற்பது இரண்டாம் வேற்றுமை உருபு. விறகு என்னும் சொல்லின் கடைசி எழுத்தோ உருபே அன்று. ‘மலை ஏறினான்’ என்பதில் ‘மலை’யின் ஈற்றொலியை இரண்டாம் வேற்றுமையென்று கொள்பவனும் உண்டு. ‘மரப்பெட்டி’க்கு வந்தாலோ உருபும் இல்லை, அதன் பொருளை விளக்கும் சொல்லும் இல்லை; ‘மரத்தால் ஆகிய பெட்டி’ என்று அவனே விரித்துக் காண வேண்டும்.

ஆகவே உண்மையில் கற்பிக்க வேண்டியது இதுவே: உருபு வெளிப்பட்ட தொடர்களையும் மறைந்த தொடர்களையும் கலந்து கொடுத்தால், மறைந்த உருபை வருவித்துத் தொடரை விரித்து எழுதுதல். இவ்வாறு எழுதிய ஆசிரியர் கரும்பலகைக்கு முன் போய் நிற்கும்போது எந்தத் தொடரைத் தேர்ந்தெடுப்பது என்று தடுமாறமாட்டார். நோக்கத்தின் தெளிவு மாணவனுக்கு உதவுமுன் ஆசிரியருக்கு உதவுகிறது. அளவு பற்றியும் ஒன்று சொல்வோம். ‘பத்தில் எட்டு சரியாக’ என்று எழுதுவது வழக்கம். பத்தில் இரண்டே மறைந்த உருபுடையவை என்று வையுங்கள். அவ்விரண்டையும் தவறவிட்டவன் எட்டு மதிப்பெண்ணோடு தேறிவிடுவான், கற்பிக்க வந்ததைக் கல்லாமலே.

சூழ்நிலை என்னும் உறுப்பை விட்டால் விளைவது என்ன என்பதை நாம் நேரில் கண்டதுண்டு. சுமார் இருபது ஆண்டுகளுக்கு முன் ஒரு சிற்றூர்த் தொடக்கப்பள்ளியின் தாளாளர் பொறுப்பு நம்மிடம் இருந்தது. மூன்றாம் வகுப்பு ஆசிரியர் ஒருவரின் பாடக்குறிப்பேடு நம் மேசைக்கு வரும்போதெல்லாம் அதன் ஒழுங்கைக் கண்டு வியந்தோம். நோக்கம் ஆறு, எல்லாம் புலனாகும் வினைகள். அவற்றுள் ஒன்று: ‘மாணவர் பாடத்தைப் பிழையின்றி உரக்க வாசிப்பர்.’ ஒரு நாள் அவ்வகுப்பில் போய் அமர்ந்தோம். ஒரு சிறுமி எழுந்து பாடத்தை வாசித்தாள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. அவள் கையிலிருந்த புத்தகத்தில் வேறொரு பக்கம் திறந்திருந்ததை நாம் கவனித்தது தற்செயலே. அப்பக்கத்தைக் காட்டி வாசிக்கச் சொன்னபோது நெடுநேரம் பேசாமல் நின்று, பிறகு அதே பாடத்தையே முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். பாடக்குறிப்பின் நோக்கம் முற்றிலும் நிறைவேறியிருந்தது. குழந்தைக்கு வாசிக்கத் தெரியாது. ‘முன்பு பார்த்திராத ஒரு பத்தியை’ என்னும் நான்கு சொற்கள் அவ்வாக்கியத்தில் இருந்திருந்தால் ஜூன் மாதத்திலேயே அது வெளிப்பட்டிருக்கும்; நாம் கண்டது ஜனவரியில்.

இனி மறுபக்கம். மேகரை முழுவதும் ஏற்கிறோமா? இல்லை. அளந்து காட்டக் கூடியவை மட்டுமே நோக்கமெனின், அளக்க எளியவை முன்வரிசைக்கு வந்துவிடும். எலியட் ஐஸ்னர் 1967-இல் இதைச் சுட்டிக்காட்டினார். ஓவியக்கலை அறிந்த அவர், கலைப்பாடத்தில் விளைவை முன்கூட்டியே வரையறுத்துவிட்டால் மாணவன் கண்டுபிடிப்பதற்கு ஒன்றும் எஞ்சாது என்று கருதினார். இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975-இல் இன்னும் ஒரு படி மேலே சென்றார்: உண்மையான கல்வி பெற்றவன் என்ன செய்வான் என்று முன்கூட்டிச் சொல்ல இயலாமையே அக்கல்வியின் வெற்றி என்பது அவர் வாதம். நமக்கு இது ஓரளவே உடன்பாடு. வாசிக்கத் தெரியாத சிறுமிக்கு முன்னால் நின்று இவ்வாதத்தைச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. கருவிகளைக் கற்பிக்கும் பாடங்கள் வேறு. அக்கருவிகளைக் கொண்டு ஒன்றைச் சந்திக்கும் பாடங்கள் வேறு. எழுத்தறிதல், பின்னங்களை ஒப்பிடல், உருபை விரித்தல் ஆகியவற்றிற்கு மேகர் வேண்டும். செய்யுட் பாடத்திற்கு ‘மாணவர் கவிதையைச் சுவைப்பர்’ என்று எழுதுவதும் வெறுமை. ‘உவமைகள் மூன்றைப் பட்டியலிடுவர்’ என்று எழுதுவது அதனினும் கேடு. அங்கே, மாணவர் எந்தச் செய்யுளைச் சந்திக்கப் போகின்றனர், எந்த ஒரு வினாவை அவர்முன் வைக்கப் போகிறோம் என்று எழுதி, விடையைத் திறந்தே விட்டுவிடுவது நேர்மை. 2001-இல் புளூமின் படிகளைத் திருத்தியமைத்த ஆண்டர்சன், கிராத்வோல் குழுவினர் ‘புரிந்துகொள்ளுதல்’ என்பதையே ஒரு படியின் பெயராக வைத்தது சிந்திக்கத்தக்கது. மேகர் விலக்கிய சொல்லை வெளியே தள்ளிவிடாமல், விளக்குதல், எடுத்துக்காட்டுதல், ஒப்பிடுதல் என்று அதன் உட்செயல்களைப் பிரித்துக் காட்டினர். நாம் இதை நல்ல திருத்தமாகவே கொள்கிறோம்.

இவையெல்லாம் மேனாட்டார் கண்டவை. நமக்கு அந்நியமானவை என்று சிலர் கூறுவதுண்டு. நன்னூலின் பாயிரத்தைத் திறந்து பார்ப்பவர் அவ்வாறு கூறமாட்டார். ஒரு நூலின் சிறப்புப்பாயிரம் சொல்ல வேண்டிய எட்டனுள் ‘கேட்போர்’, ‘பயன்’ என்னும் இரண்டையும் பவணந்தியார் வைத்திருக்கிறார். பொருள் இன்னதென்று சொன்னால் போதாது. யாருக்கு, எதற்காக என்றும் சொல்ல வேண்டும் என்பது நம் மரபின் விதி. மாணாக்கரை அன்னம், பசு, மண், கிளி என்று தொடங்கி வகைப்படுத்தும் அந்நூல், கேட்போர் ஒரே வார்ப்பினர் அல்லர் என்பதையும் உணர்ந்திருந்தது. ‘மாணவர் அறிந்துகொள்வர்’ என்னும் வாக்கியத்தில் இல்லாதவை இவ்விரண்டே.

2017-இல் நடுவண் அரசு கல்வி உரிமைச் சட்டத்தின் விதிகளைத் திருத்தி, தொடக்கநிலை வகுப்பு ஒவ்வொன்றுக்கும் பாடவாரியாகக் கற்றல் விளைவுகள் வகுக்கப்பட வேண்டும் என்றது. தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் குழு அவ்விளைவுகளைத் தொகுத்து வெளியிட்டது. அத்தொகுப்பைப் படித்தோம்; கவனத்தோடு எழுதப்பட்டது. ஆயின் ஓராண்டின் முடிவில் எட்ட வேண்டியதை, நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையின் நோக்கமாக அப்படியே பெயர்த்தெழுதும் பழக்கம் தொற்றிக்கொண்டது. ஒரு பாடவேளைக்குள் ஓராண்டை அடைப்பது எப்படி? தமிழ்நாட்டில் 2022-இல் தொடங்கப்பெற்ற எண்ணும் எழுத்தும் திட்டம் குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தியது இவ்வகையில் ஒரு முன்னேற்றம் என்போம். எந்த வகுப்பில் இருக்கிறாள் என்பதைவிட எந்த நிலையில் நிற்கிறாள் என்று கேட்ட பின்னரே நோக்கம் எழுத முடியும். அதற்கான பதிவேடுகள் பெருகி ஆசிரியரின் நேரத்தை உண்டால் அந்த நன்மையும் கரைந்துவிடும்; அது வேறொரு கட்டுரைக்கு உரியது.

நாம் முன்பு குறிப்பிட்ட அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பை நடத்திய அம்மையார் ஒருவர் இருந்தார். அவருடைய குறிப்பேடு நமக்குப் பெரும் எரிச்சலை ஊட்டியது. ஒரு வாரத்திற்கு மூன்று வரிகள். நோக்கம் என்னும் தலைப்பே இல்லை. ‘கொ, கோ குழப்பம் இன்னும் நால்வருக்கு. அவர்களைத் தனியே. மற்றவர் புதுக்கதை வாசிக்க’ என்பதுபோல் ஏதோ எழுதியிருப்பார். படிவத்தின்படி எழுதாமைக்கு விளக்கம் கேட்டுக் குறிப்பாணை ஒன்றை அவருக்கு அனுப்பினோம். மூன்றாம் வகுப்பில் அச்சிறுமியைக் கண்ட அன்று, கால்கள் தாமாகவே அடுத்த அறைக்குச் சென்றன. அம்மையார் மளிகைப் பொட்டலங்களைப் பிரித்த செய்தித்தாள் துண்டுகளைக் குழந்தைகளிடம் கொடுத்திருந்தார். ஒருவன் நெல் விலையை வாசித்துக்கொண்டிருந்தான்; இன்னொருத்தி மணமகள் தேவை விளம்பரத்தை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு நம்மைப் பார்த்துச் சிரித்தாள். செயல், சூழ்நிலை, அளவு, கேட்போர் ஆகிய அனைத்தும் அந்த மூன்று வரிகளில் இருந்தன என்பது அப்பொழுதுதான் நமக்கு விளங்கிற்று. எந்த நால்வர் என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது.

குறிப்பாணையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக மறுநாளே எழுதியனுப்பினோம். அம்மையார் அதைப் பணிவோடு வாங்கிக்கொண்டார். எனினும் அடுத்த வாரம் நம் மேசைக்கு வந்த அவருடைய குறிப்பேட்டில் ஆறு நோக்கங்கள் அழகிய கையெழுத்தில் வரிசையாக இருந்தன. முதலாவது, ‘மாணவர் உயிர்மெய் எழுத்துகளை அறிந்துகொள்வர்.’ அந்த நால்வரைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை.