காத்திருக்கும் பெருக்கி

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதிக் கோயிலின் ஆவணித் திருவிழா செய்மதி வழியே நேரலையாகப் போகவேண்டுமானால், அந்தப் படத்தை 36,000 கிலோமீற்றர் உயரத்துக்கு ஏற்றிவிடுவது புவி நிலையத்தின் உயர்வலுப் பெருக்கிதான். அது நின்றால் தேர் பாதி வீதியில் மறைந்துவிடும். ஆகவே அங்கே இரண்டு பெருக்கிகள் வைக்கிறார்கள். ஒன்று வானுக்கு அனுப்பும், மற்றது தன் வலுவைப் போலிச் சுமையொன்றில் வெப்பமாகக் கொட்டியபடி காத்திருக்கும். இரண்டுக்கும் நடுவே நிற்கும் உலோக ஆளிதான் இந்த ஏற்பாட்டின் அழகு. அதற்கு நான்கு வாய்கள். உள்ளே, வளைந்த பாதைகள் குடைந்த ஓர் உருளை. வெளியீடு சரிந்ததென்று கட்டுப்பாட்டுக் கருவி கண்டதும், உள்ளே தீப்பொறி பாயாதிருக்கச் சமிக்ஞையை ஒரு கணம் அடக்கிவிட்டு, உருளையைக் கால்வட்டம் திருப்பும்; காத்திருந்த பெருக்கி வானுக்கு அனுப்பத் தொடங்கும். பார்ப்பவருக்குப் படம் ஒருமுறை துடிக்கும், அவ்வளவுதான்.

சும்மா எரியும் இரண்டாவது பெருக்கி வீண்செலவு, பழுதானபின் இயக்கினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பெருக்கியில் சமிக்ஞையை வலுப்படுத்தும் அலைக்குழாய் சூடேறவே ஏறத்தாழ மூன்று நிமிடம் பிடிக்கும். ஆளியே பழுதானால் என்ன செய்வது என்ற கேள்வி இதைவிட வலுவானது. ஆனால் மோட்டார் எரிந்தாலும் உருளை நின்ற இடத்திலேயே நிற்கும். ஓடும் பெருக்கி தடைப்படாது. பல ஆளிகளில் உருளையைக் கையாலும் திருப்பலாம். உண்மையில் அஞ்சவேண்டியது, காத்திருக்கும் பெருக்கி ஒருவருக்கும் தெரியாமல் செத்துக் கிடப்பதைத்தான். அதனால்தான் அதைப் போலிச் சுமையில் ஓடவிட்டு அளக்கிறார்கள்; இடைக்கிடை வேலையையும் அதனிடம் மாற்றிக் கொடுக்கிறார்கள்.