விடைபெறும் இரவும் நாற்பத்திரண்டு வயதும்
பாரிஸ் ஒப்பெரா பாலேயை முன்வைத்து ஒரு நோக்கு

கலைஞனுக்கு வயதில்லை என்பது நம்மிடையே பெருவழக்காயுள்ள ஒரு கூற்று. கவிஞனுக்கும் இசைவாணனுக்கும் இக்கூற்று ஓரளவு பொருந்தலாம். உடலையே கருவியாகக் கொண்டு தொழிற்படும் ஆடற்கலைஞனுக்கு இது பொருந்துமா என்பது ஆய்வுக்குரியது. இவ்வினாவுக்குப் பாரிஸ் ஒப்பெராவின் பாலே நிறுவனம் தனது பணி விதியிலேயே விடை எழுதி வைத்திருக்கின்றது. அங்கு நிரந்தரப் பணியிலுள்ள ஆடற்கலைஞர் எவரும், ஆணாயினும் பெண்ணாயினும், 42 வயதில் ஓய்வுபெறுதல் வேண்டும். புகழின் உச்சியில் நிற்பவருக்கும் கடைசி வரிசையில் ஆடுபவருக்கும் இவ்விதி ஒன்றே.

இவ்விதியின் விளைவாகவே அந்நிறுவனத்தில் ‘விடைபெறும் இரவு’ என்றொரு மரபு வலுப்பெற்றது. பாலே பற்றிய செய்திகளையும் அரங்கேற்றங்களையும் தொடர்ந்து கவனித்து வருவோர் மிகுந்த எதிர்பார்ப்போடு காத்திருக்கும் நிகழ்வு அது. அதைப்பற்றி எழுதுவோரும் பலர். எனினும் அவ்வெழுத்துக்களிற் பெரும்பாலானவை அந்த இரவின் கண்ணீரைக் காண்கின்றன; கண்ணீருக்குக் காரணமான விதியைக் காண்பதில்லை. அவ்விதி எவ்வாறு பிறந்தது, யாரைக் காத்தது, யாரை வருத்தியது என்பவற்றை அறியாமல் அந்த இரவை முழுமையாக விளங்கிக்கொள்ள முடியாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதை எழுதுபவன் அவ்வரங்கினுட் காலடி வைத்தவனல்லன். ஒளிப்பதிவுகள் வாயிலாகவும் செய்திகள் வாயிலாகவும் அறிந்தவற்றையே இங்கு பேசுகின்றான். எட்ட நின்று பார்ப்பவனுக்குக் கைதட்டலின் ஓசை சற்றுக் குறைவாகவே கேட்கும். அது ஒருவகையில் வசதியே.

முதலில் அந்த இரவின் அமைப்பை நோக்குவோம். பாரிஸ் ஒப்பெரா பாலேயில் ஐந்து படிநிலைகள் உண்டு. அவற்றுள் உச்சத்திலுள்ளது ‘எத்துவால்’, அதாவது விண்மீன் என்னும் நிலை. கீழ்ப்படிகளில் உயர்வு பெறுவதற்குப் போட்டித் தேர்வு நெடுங்காலம் வழியாயிருந்தது. எத்துவால் நிலையோ தேர்வினால் வருவதன்று. ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் மேடையிலேயே, சபையோர் முன்னிலையில், அந்நியமனம் அறிவிக்கப்படுவது வழக்கம். ஒரெலி டியூபோன் 1998 டிசம்பர் 31 இல் இவ்வாறு எத்துவால் ஆனார். 2015 மே 18 இல் விடைபெற்றார். மத்தியூ கானியோ 2004 மே மாதத்தில், தமது இருபதாவது வயதில், இடைப்படி ஒன்றைத் தாண்டி அந்நிலையை எய்தினார். 2025 மார்ச் 1 இல் விடைபெற்றார். தொடக்கம் மேடையில் அறிவிக்கப்படுவது போலவே முடிவும் மேடையில் அரங்கேறுகின்றது. இறுதித் திரை விழுந்து மீண்டும் உயர, மேலிருந்து பொன்னிறத் துகள்கள் மழையெனச் சொரிகின்றன. முன்னாள் எத்துவால்கள், ஆசிரியர்கள், சில வேளைகளில் பிள்ளைகளுங்கூட மேடைக்கு வருகின்றனர். கரவொலி நெடுநேரம் ஓய்வதில்லை.

இத்தகைய இரவுகளுக்குத் தெரிவுசெய்யப்படும் நாடகங்கள் தற்செயலாக அமைவனவல்ல. மனுவெல் லெக்ரி 2009 இலும், இசபெல் சியாரவோலா 2014 இலும், கானியோ 2025 இலும் ஜோன் கிராங்கோவின் ‘ஒனேகின்’ நாடகத்தோடு விடைபெற்றனர். சியாரவோலா 2009 இல் எத்துவால் ஆக்கப்பட்டதும் அதே நாடகத்திலேயே. ஆனியஸ் லெதெஸ்து 2013 இல் ஜோன் நொய்மையரின் ‘கமெலியா மலர்ச் சீமாட்டி’யையும், டியூபோன் கெனத் மக்மில்லனின் ‘மனோன்’ நாடகத்தையும் ஆடி விடைபெற்றனர். இவை மூன்றும் பிரிவிலோ சாவிலோ முடியும் கதைகள். தத்தியானா தான் இன்னும் காதலிக்கும் ஒனேகினை வெளியேறுமாறு பணிக்கின்றாள். மனோன் லூசியானாவின் சதுப்பு நிலத்திற் காதலனின் கைகளில் மடிகின்றாள். சீமாட்டி காசநோயால் தனியே இறக்கின்றாள். சபையோர் பாத்திரத்திற்காக அழுகின்றனரா, கலைஞருக்காக அழுகின்றனரா என்று பிரித்தறிய முடியாத நிலை உருவாகின்றது. கதையிலே பிரிவுக்குக் காரணம் விதி அல்லது காதல். மேடையிலே பிரிவுக்குக் காரணம் ஒரு பணி ஒழுங்கு. கதை அந்த ஒழுங்கை மூடிவிடுகின்றது. நிர்வாகம் எடுத்த ஒரு முடிவு இயற்கையின் நியதி போலத் தோற்றங் கொள்கின்றது. திறனாய்வாளன் முதலிற் கவனிக்கவேண்டியது இம்மயக்கத்தையே.

இனி அவ்வொழுங்கின் வரலாற்றை நோக்குவோம். பதினான்காம் லூயி மன்னன் 1661 இல் நடனத்துக்கென அரச கழகமொன்றை நிறுவினான். ஒப்பெராவின் ஓய்வூதிய ஏற்பாடு அவனது ஆட்சிக் காலத்திலேயே, 1698 இல், தோன்றியது. அரசவையின் கேளிக்கைக்கு உழைத்தோருக்கு அரசன் அளித்த கொடையாகத் தொடங்கியது, பிற்காலத்திலே தொழிலாளரின் உரிமையாக வளர்ந்தது. இவ்விரண்டுக்குமிடையே நீண்ட துன்ப வரலாறு கிடக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒப்பெராவின் ஆடற்சிறுமியர் பலர் வறிய குடும்பங்களிலிருந்து வந்தோர். ஆண்டுச் சந்தா செலுத்திய செல்வர்கள் மேடையின் பின்புறத்துக்கும் ஓய்வறைக்கும் தாராளமாகச் சென்றுவரும் உரிமை பெற்றிருந்தனர். டெகாவின் ஓவியங்களில் திரையோரத்திலே கறுப்புத் தொப்பியணிந்து நிற்கும் உருவங்கள் இவர்களே. இளம் ஆடலரசி எம்மா லிவ்ரி 1862 இல் ஒத்திகையின்போது பாவாடையில் விளக்கின் தீப்பற்றி, பல மாதங்கள் வருந்தி, 1863 இல் இறந்தார். ஊதியம், ஓய்வூதியம், பணி விதி ஆகியவை எத்தகைய வாழ்க்கைக்கு எதிரான காப்பாக வேண்டப்பட்டன என்பதை இவ்வரலாறு உணர்த்தும்.

இங்கு ஒரு மறுப்பு எழக்கூடும். நாற்பது வயதிலேதான் கலைஞர் முதிர்ச்சி பெறுகின்றார். அவ்வேளையில் அவரை வெளியேற்றுவது கலைக்குச் செய்யுந் தீங்கன்றோ? இம்மறுப்பைப் புறக்கணித்தல் நேர்மையாகாது. பாரிஸை விட்டு 1989 இல் இலண்டனுக்குச் சென்ற சில்வி கில்லம், 2015 இல் தமது ஐம்பதாவது வயதிலேயே மேடையிலிருந்து ஓய்ந்தார். ஒப்பெராவின் விதிக்குட்பட்டிருந்தால் அவரது பிற்காலத்து ஆக்கங்கள் வேறு வடிவங் கொண்டிருக்கும். பெருங்கலைஞர் ஒருவருக்கு இவ்விதி இறுக்கமான சட்டையே என்பதில் ஐயமில்லை.

ஆயின் நாணயத்தின் மறுபுறத்தையும் நோக்குதல் வேண்டும். இலண்டன் ரோயல் பாலேயின் ஒப்பற்ற கலைஞரான மார்கோட் பொன்டெயின் அறுபது வயதை அண்மியும் ஆடினார். கலைஞனுக்கு வயதில்லை என்போர் அடிக்கடி எடுத்துக்காட்டும் பெயர் அவருடையது. ஆனால் அவரது கணவர் 1964 இல் துப்பாக்கிச் சூட்டுக்கிலக்காகி உடல் செயலிழந்தார் என்பதையும், அவரைப் பேணும் பெருஞ்செலவு பொன்டெயினை நெடுங்காலம் மேடையில் நிறுத்திவைத்த காரணங்களுள் ஒன்று என்பதையும் அவர்கள் கூறுவதில்லை. 1990 இல் அவருக்கு நிதி திரட்டுவதற்காக இலண்டனில் சிறப்பு நிகழ்ச்சியொன்று நடத்தப்பட்டது. அடுத்த ஆண்டு பெப்ரவரியில் அவர் மறைந்தார். உலகமே போற்றிய கலைஞருக்கு முதுமையில் நிதி திரட்டவேண்டி நேர்ந்ததாயின், பெயரறியாத குழு நடனத்தாரின் நிலை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இக்குழு நடனத்தாரே விடைபெறும் இரவு பற்றிய எழுத்துக்களில் விடுபட்டுப் போவோர். பாரிஸ் ஒப்பெரா பாலேயில் ஏறத்தாழ 150 பேர் ஆடுகின்றனர். எத்துவால்கள் அவர்களுள் மிகச் சிலர். ஏனையோரிற் பலர் எட்டு, ஒன்பது வயதிலே ஒப்பெராப் பள்ளியிற் சேர்ந்து, பதினாறு பதினெட்டு வயதில் நிறுவனத்துள் நுழைந்து, இருபத்தைந்து ஆண்டுகள் அன்னங்களாகவும் நிழல்களாகவும் விவசாயப் பெண்களாகவும் வரிசையில் நின்று ஆடிவிட்டுச் செல்வோர். முழங்காலும் கணுக்காலும் இடுப்பும் தேய்வது எத்துவாலுக்கு மட்டுமன்று. ஆனால் பொன்மழை இவர்களுக்கென வழக்கிலில்லை. இவர்களுக்கு எஞ்சுவது ஓய்வூதியம் ஒன்றே.

இவ்வுண்மையை உலகுக்கு வெளிப்படையாக உணர்த்திய நிகழ்வு 2019 டிசம்பரில் இடம்பெற்றது. பிரான்சின் வெவ்வேறு ஓய்வூதியத் திட்டங்களை ஒன்றாக்கும் அரசாங்கத்தின் முயற்சியை எதிர்த்து டிசம்பர் 5 இல் தொடங்கிய பெரும் வேலைநிறுத்தத்தில், போக்குவரத்துத் தொழிலாளரோடு ஒப்பெராக் கலைஞரும் இணைந்தனர். அறுபதுக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் கைவிடப்பட்டன. அரசாங்கம் ஒரு சமரசத்தை முன்வைத்தது: மாற்றம் 2022 முதல் புதிதாகச் சேர்வோரை மட்டுமே பாதிக்கும், அப்போது பணியிலிருந்தோருக்கு எவ்வித இழப்புமில்லை. ஆடற்கலைஞர் இதனை ஏற்கவில்லை. தமக்கு வேண்டியது கிடைத்த பின்னரும், அன்று பள்ளியிற் பயின்றுகொண்டிருந்த சிறுவர் சிறுமியருக்காக அவர்கள் போராட்டத்தைத் தொடர்ந்தனர். தனிமனிதப் போட்டியே வாழ்வாகப் பயிற்றப்பட்ட ஒரு கூட்டம் இத்தகைய முடிவுக்கு வந்தமை மனங்கொள்ளத்தக்கது.

டிசம்பர் 24 இல், நத்தாருக்கு முந்திய நாள், கார்னியே மாளிகையின் வெளிமுற்றத்தில், குளிரிலே, அவர்கள் ‘அன்னப் பொய்கை’யின் ஒரு பகுதியை ஆடினர். ஒப்பெராவின் இசைக்குழுவினர் இசைத்தனர். பின்னே வேலைநிறுத்தத்தை அறிவிக்கும் பதாகைகள் தொங்கின. கட்டணமின்றித் தெருவிலே நின்றோர் கண்டுகளித்தனர். அங்கு முன்னணியில் நின்றது தனியொரு விண்மீன் அன்று. வெள்ளுடை அணிந்த அன்னங்களின் வரிசை. மேடையினுள்ளே கதைநாயகியின் துயருக்குப் பின்னணியாக அமையும் வரிசை, முற்றத்திலே தன் துயரைத் தானே உரைத்தது. ‘அன்னப் பொய்கை’ நூறாண்டுக்கும் மேலாக ஆடப்பட்டு வருகின்றது. அதன் குழு நடனத்துக்கு இத்துணைத் தெளிவான பொருள் வேறெங்கும் அமைந்ததாக நான் அறியேன்.

அவ்வேலைநிறுத்தம் ஒரு விடைபெறும் இரவையும் விழுங்கியது என்பது குறிப்பிடத்தக்கது. எலியொனோரா அப்பஞ்ஞாத்தோ அதே டிசம்பரில் விடைபெறவிருந்தார். அந்நிகழ்ச்சி நடைபெறவில்லை. பின்னர் பெருந்தொற்று அரங்குகளை மூடியது. இறுதியில் 2021 ஜூனிலேயே அவர் சபையோரிடம் விடைபெற முடிந்தது. ஒருவரின் கொண்டாட்டமும் பலரின் உரிமையும் முரண்பட்ட கணம் அது. காத்திருந்த சுவைஞருக்கு ஏமாற்றம் நேர்ந்ததை நாம் மறுக்கவேண்டியதில்லை. ஆனால் அந்த விழாவைச் சாத்தியமாக்கும் ஓய்வூதியத்தைக் காப்பதற்கே அந்த விழா கைவிடப்பட்டது என்பதை மறத்தலுங் கூடாது.

2020 மார்ச்சில் அச்சீர்திருத்தம் இடைநிறுத்தப்பட்டது. 2023 இல் புதிய ஓய்வூதியச் சட்டம் வந்தபோது பாரிஸ் போக்குவரத்துத் தொழிலாளரின் தனித் திட்டம் புதிதாகச் சேர்வோருக்கு மூடப்பட்டது. ஒப்பெராவின் திட்டமோ தப்பிப் பிழைத்தது. இதனைக் கலையின் வெற்றி என்று கொண்டாடுதல் எளிது. எனக்கு அவ்வாறு கொண்டாடத் தயக்கமுண்டு. 2019 இல் ஒன்றாக நின்றோருள் ஒரு சாராருக்குக் கிடைத்தது, மற்றொரு சாராருக்கு மறுக்கப்பட்டது. கலை புனிதமானது, ஆகவே கலைஞருக்கு விலக்களிக்க வேண்டும் என்ற வாதம் அரசாங்கங்களுக்கு உவப்பான வாதம். அதனை ஏற்பதால் வேறெவருக்கும் எதுவுங் கொடுக்கவேண்டியதில்லை. ஆனால் ஆடற்கலைஞர் முற்றத்தில் முன்வைத்த வாதம் அதுவன்று. எமது உடல் உழைப்பினால் தேய்கின்றது என்பதே அவர்களின் வாதத்தின் உயிர்நிலை. உழைப்பினால் தேயும் உடல் நிலக்கீழ்த் தொடருந்தைச் செலுத்துபவனுக்கும் உண்டு.

ஆகவே விடைபெறும் இரவைப் பற்றி எழுதுவோர் அழகை மறக்கவேண்டும் என்று நான் கூறவில்லை. தத்தியானாவின் கடைசிக் கையசைவில் இருபதாண்டுப் பயிற்சி திரண்டு நிற்பதைக் கண்டு வியக்கத்தான் வேண்டும். ஆனால் அவ்வியப்போடு, அந்த இருபதாண்டின் கூலி என்ன, அதன் முடிவில் எஞ்சுவது என்ன, பின்வரிசையில் நின்றவர் எவ்வாறு வீடு திரும்பினார் என்ற வினாக்களும் எழவேண்டும். பொன்துகள்களை மறுநாட் காலையிற் கூட்டிப் பெருக்கும் தொழிலாளி ஒருவரும் அம்மாளிகையில் இருக்கின்றார். அவரையும் உள்ளடக்கிய பார்வையே முழுமையான கலைப் பார்வையாகும் என்பது எனது துணிபு.