இறங்கும் விமானமும் கீழிருக்கும் மனிதரும்

பெரும் பயணிகள் விமானங்கள் தரையிறங்கும் தறுவாயில் அவற்றைப் படம்பிடிப்பது உலகின் பல நகரங்களிற் பலருக்கு ஒரு பொழுதுபோக்காகும். சிலரிடத்து அது கலையாகவும் மதிப்புப் பெற்றுவிட்டது. நூல்களும் கண்காட்சிகளும் வெளிவந்திருக்கின்றன. ஒரு துறை கலையென உரிமை கோருமாயின் அதனை ஆராய்ந்து மதிப்பிடுவது விமர்சகனின் கடமையாகிறது. இயந்திரத்தைப் படம்பிடிப்பதில் சமுதாயப் பிரச்சினை எங்கே வந்தது என்று சிலர் வினவக்கூடும். விமானம் வானத்திற் பிறந்த பொருளன்று. மனிதரின் உழைப்பு அதனை ஆக்கியது; மனிதர் வாழும் நிலத்தை நோக்கியே அது இறங்குகிறது. ஆகவே, இப்படங்களில் அந்த நிலத்துக்கு என்ன இடம் அளிக்கப்பட்டிருக்கிறது என்பதே நாம் முதலிற் கேட்க வேண்டிய கேள்வியாகும்.

இத்துறைக்கு வேண்டிய தொழிற்றிறனைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. போயிங் 747 விமானம் ஏறத்தாழ எழுபது மீற்றர் நீளமானது. இறங்கும்போது மணிக்குச் சுமார் 270 கிலோமீற்றர் வேகத்தில் வருகிறது. அதாவது, தன் முழு நீளத்தையும் அது ஒரு விநாடிக்குள் கடந்துவிடுகிறது. காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது, அன்று எந்த ஓடுபாதை பயன்படும் என்பவற்றைப் படப்பிடிப்பாளன் முன்கூட்டியே கணித்தல் வேண்டும். உச்சி வெயிலில் விமானத்தின் வயிறு இருண்டுவிடும். சாய்ந்த ஒளிக்காகக் காலையிலும் மாலையிலும் காத்துநிற்க வேண்டும். உயரத்தில் மறைந்திருந்த சில்லுகளும், இறக்கையின் பின்விளிம்பில் மடங்கியிருந்த தகடுகளும் இறங்கும் வேளையில் விரிந்து வெளிப்படுகின்றன. இயந்திரம் தன் உறுப்புக்களையெல்லாம் திறந்து காட்டும் அக்கணத்தின் அழகில் மனத்தைப் பறிகொடுப்பது குற்றமன்று.

அவ்வழகை அதன் எல்லைவரை கொண்டுசென்றவர் அமெரிக்கரான ஜெப்ரி மில்ஸ்டீன். கட்டடக் கலை பயின்ற அவர், இளமையிலேயே விமானம் ஓட்டவும் கற்றவர். லொஸ் ஏஞ்சல்ஸ் விமான நிலையத்தை நோக்கி விமானங்கள் தாழ்ந்துவரும் வழியின் நேர் கீழே நின்று அவர் எடுத்த படங்கள் 2007இல் நூலாக வெளிவந்தன. 2011இல் வொஷிங்டனிலுள்ள தேசிய வான் விண்வெளி அருங்காட்சியகத்திலும் இடம்பெற்றன. தலைக்கு மேல் விமானம் வந்த கணத்தைப் பதிவு செய்து, பின்னர் வானத்தை நீக்கிவிட்டு, வெறுமையான பின்னணியில் விமானத்தை மாத்திரம் அவர் நிறுத்துகிறார். கட்டடக் கலைஞன் வரையும் கிடைப்படம் போல, இருபுறமும் ஒத்த வடிவமாக அது விரிந்து கிடக்கிறது. ஒவ்வொரு தகடும் ஒவ்வோர் ஆணியும் துலக்கமாகத் தெரிகின்றன.

இப்படங்களின் செம்மையை மறுப்பதற்கில்லை. ஆயினும் அச்செம்மைக்குக் கொடுத்த விலை யாது? வானம் நீங்கியதும் இடம் நீங்குகிறது. இடம் நீங்கியதும் காலமும் நீங்குகிறது. எஞ்சுவன வடிவமும், விமானக் கம்பெனியின் நிறமும் பெயருமே. ஒரு பொருளை அதன் சூழலிலிருந்து பிரித்து, குறையேதுமற்ற தனிப்பொருளாகக் காட்டுவது விளம்பரத்தின் வழியாகும். மில்ஸ்டீன் விளம்பரம் செய்ய எண்ணினார் என்பது எமது வாதமன்று. கலைஞனின் எண்ணம் யாதாயினும், அவன் கைக்கொண்ட முறைக்கு அதற்கேயுரிய விளைவு உண்டு என்பதே எமது வாதம். லொஸ் ஏஞ்சல்ஸில் அந்த வானவழியின் கீழேதான் இங்கிள்வுட், லெனொக்ஸ் ஆகிய குடியிருப்புக்கள் உள்ளன. வீடுகளுக்கு ஒலித்தடுப்பு அமைத்துக் கொடுக்கும் திட்டங்கள் தேவைப்படுமளவுக்கு அங்கு இரைச்சல் மிகுந்திருந்தது. வெண்பின்னணியில் அவ்வீடுகளுக்கு இடமில்லை.

இதற்கு மாறான ஒரு மரபை ஹொங்கொங்கின் பழைய விமான நிலையமான கைடாக் நமக்குத் தருகிறது. குடாவினுள் மண்ணிட்டு நிரப்பி அமைத்த ஒற்றை ஓடுபாதை அதனுடையது. வடமேற்கிலிருந்து இறங்கும் விமானம், சிவப்பும் வெள்ளையுமாகக் கட்டமிட்டுத் தீட்டப்பட்ட ஒரு குன்றை நோக்கி வந்து, அதனை அணுகியதும் வலப்புறமாக ஏறக்குறைய 47 பாகை திரும்ப வேண்டும். அத்திருப்பத்தை விமானியே தன் கண்ணாற் பார்த்துக் கையாற் செய்தல் வேண்டும். அவ்வாறு திரும்பும் விமானத்தின் கீழே நெருங்கிக் கிடந்தது கௌலூன் நகர்ப்பகுதி. 1998 ஜூலை 6இல் அந்நிலையம் மூடப்படும் வரை இது அன்றாட நிகழ்ச்சியாக இருந்தது.

அங்கு எடுக்கப்பட்ட படங்களில் விமானம் தனித்து நிற்பதில்லை. மொட்டைமாடிக் கொடிகளில் உலரும் சட்டைகள், தொலைக்காட்சி அன்ரனாக்களின் காடு, கடைகளின் பெயர்ப்பலகைகள், நிறம் மங்கிய சுவர்கள் ஆகியவற்றுக்கு மேலாக ஒரு பக்க இறக்கையைத் தாழ்த்தியவாறு அது செல்கிறது. அப்பகுதிக் கட்டடங்கள் எவ்வளவு உயரலாம் என்பதற்கும் விமானத்தின் பொருட்டே வரம்பு விதிக்கப்பட்டிருந்தது. தொலைதேசம் செல்வோரின் வசதி, அவ்விடத்தை விட்டு அசைய வழியற்ற மனிதரின் கூரையை எவ்வாறு அளந்து வைத்தது என்பதை இப்படங்கள் விளக்கவுரை வேண்டாமலே உணர்த்துகின்றன. யதார்த்தம் என்று நாம் கூறுவது இவ்வுறவுகளின் வெளிப்பாட்டையே.

எனினும், நிலம் படத்தில் இடம்பெற்ற மாத்திரத்தே அது நல்ல கலையாகிவிடாது. கைடாக் படங்களிலும் குறைகள் உள. நெடுந்தொலைவு வில்லை, முன்னும் பின்னும் உள்ள பொருள்களை ஒன்றோடொன்று நெருக்கிக் காட்டும் இயல்புடையது. அதனைப் பயன்படுத்தி, விமானம் கூரையை உரசிச் செல்வது போன்ற தோற்றத்தைப் பலர் உண்டாக்கினர். அத்தகைய படங்களில் வறியவரின் உடுப்புக்கொடி வியப்பூட்டும் ஓர் அலங்காரமாகிறது; அவர் வாழ்வு வேடிக்கைப் பொருளாகிறது. அன்றியும், புகைப்படம் ஊமை. அங்கு வாழ்ந்தோர் முதலில் அறிந்தது இரைச்சலை. படம் பார்ப்போர் அறியாததும் அதுவே. பேச்சு பாதியில் நின்றதும், பாடஞ்சொல்லும் குரல் அமுங்கியதும், உறங்கிய குழந்தை விழித்ததும் இப்படங்களிற் கேட்பதில்லை. ஆகவேதான் அவற்றை இன்று ‘பழைய ஹொங்கொங்’ என்று ஏக்கத்தோடு நோக்குவது எளிதாயிருக்கிறது.

இக்குறைகளைக் கடந்து நிற்கும் படங்களும் உண்டு. அவற்றிற் கவனிக்க வேண்டியது விமானத்தையன்று, வீதியில் நடக்கும் மனிதரை. நான்கு இயந்திரங்களின் முழக்கத்தோடு தலைக்கு மேல் விமானம் செல்கையிலும் அவர்கள் நிமிர்ந்து பார்ப்பதில்லை. பையைச் சுமந்து செல்வோர் நடக்கின்றனர். கடைக்காரர் வியாபாரத்தைக் கவனிக்கின்றனர். வெளியிலிருந்து வந்தவனுக்கு அற்புதமாய்த் தோன்றுவது அவர்களுக்குத் தாங்கிப் பழகிய ஒன்று. பழக்கம் என்னும் பெயரால் மனிதர் எத்தனையைச் சுமக்கின்றனர் என்பதை அந்தக் குனிந்த தலைகள் சொல்கின்றன. 2022இல் கௌலூன் நகரின் ஒரு பகுதியைப் புதுப்பிக்கும் திட்டத்தை ஹொங்கொங்கின் நகர்ப் புதுப்பித்தல் அதிகாரசபை தொடங்கியது. பழைய கட்டடங்கள் மறையும் காலத்தில், அங்கு வாழ்ந்தோர் எதன் கீழ் வாழ்ந்தனர் என்பதற்கு இப்படங்கள் சாட்சியாகின்றன.

சாட்சி என்ற சொல்லை நாம் அணியாகக் கூறவில்லை. இத்துறையிற் கலைஞரென்று பெயர் பெறாத பலர் உளர். விமான நிலைய வேலியோரம் நின்று, ஒவ்வொரு விமானத்தின் பதிவிலக்கத்தையும் நாளையும் இடத்தையும் குறித்துப் படமெடுத்து வைப்போர் அவர்கள். பயனற்ற பித்து என்று அவர்களை நகைத்தோர் பலர். 2004 ஜனவரியில் ஸ்பெயினின் பல்மா விமான நிலையத்தில் அத்தகைய ஆர்வலர் ஒருவர் என்313பி என்ற பதிவிலக்கமுடைய போயிங் 737 விமானத்தைப் படம்பிடித்தார். அதே மாதத்தில் அவ்விமானமே, ஜெர்மன் குடிமகனான காலித் எல்-மஸ்ரியை மசிடோனியாவின் ஸ்கொப்யேயிலிருந்து ஆப்கானிஸ்தானுக்குக் கொண்டுசென்றது. அமெரிக்க உளவுத்துறையான சி.ஐ.ஏ. ஆட்களை இரகசியமாகக் கடத்திய செயல்களைப் பத்திரிகையாளர் துருவியபோது, இத்தகைய ஆர்வலரின் குறிப்புக்களும் படங்களும் பெருந்துணை புரிந்தன. எல்-மஸ்ரியின் முறைப்பாட்டை ஏற்று, 2012 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் மசிடோனியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

பல்மாவில் எடுத்த படத்தை எந்த அருங்காட்சியகமும் அழகுக்காகத் தேர்ந்தெடுத்திராது. ஆனால் அதில் நாள் இருந்தது, இடம் இருந்தது, பதிவிலக்கம் இருந்தது. அவற்றை நீக்கியிருப்பின் அதுவும் வெண்பின்னணியில் மிதக்கும் அழகிய உலோகமாகவே எஞ்சியிருக்கும்; எவருக்கும் துணை நின்றிராது.

1969இல் முதன்முதற் பறந்த போயிங் 747இன் கடைசி விமானம் 2023 ஜனவரியில் கையளிக்கப்பட்டது. நான்கு இயந்திரம் பூண்ட அப்பேருருவங்கள் அருகிவரும் வேளையில் அவற்றின் படங்களுக்கு மதிப்பு மேலும் உயரக்கூடும். எவற்றை நாம் பேணிவைக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது எழும். விமானம் எத்துணைத் துலக்கமாய்த் தெரிகிறது என்பதோடு நமது மதிப்பீடு நின்றுவிடலாகாது. அது எங்கே, என்று, யார் தலைக்கு மேல் இறங்கியது என்பதற்கு விடையளிக்கும் படத்தையே முதலிற் பேணுதல் வேண்டும். அழகு அதனாற் குறைவதில்லை. அது யாருடைய அழகு, யார் செலவில் என்பதும் அப்போது தெளிவாகும்.